திருத்தாத கட்டு

வீடு மாறுவதற்கு எட்டு வாரம் இருக்கும்போதே கணக்கு டீச்சர் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டாள். முதல் வாரம் பரண். இரண்டாம் வாரம் புத்தக அலமாரி. சமையலறை கடைசி வாரத்துக்கு முந்தின வாரம். பள்ளிக்கூடத்தில் அவளை டைம்டேபிள் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வருஷமாக அங்கே கால அட்டவணை போடுவது அவள்தான். ஒரே நாளில் நாலு டீச்சர் லீவு போட்டாலும் ஒரு வகுப்புகூட ஆளில்லாமல் கத்திக்கொண்டு கிடக்காது. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விடுவாளா?

மாறுவதற்குக் காரணம் கணவரின் முட்டி. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த மெக்கானிக் அவர். ஓய்வு பெற்றபோது சான்றிதழோடு முட்டி வலியையும் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடி, ஐம்பத்துநாலு படி, லிஃப்ட் கிடையாது. ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு அமைந்ததும் இருவரும் மறு யோசனையில்லாமல் சரி என்றுவிட்டார்கள்.

வருகிற சாமானுக்குப் பச்சை, கழிக்கிற சாமானுக்குச் சிவப்பு, முடிவாகாததற்கு மஞ்சள் என்று மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள் வாங்கி வந்தாள் டீச்சர். முதல் நாளே கணவர் சட்டைப் பையில் ஒரு மஞ்சளை ஒட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்று, தன்னையும் யோசித்து ஒரு முடிவு சொல்லிவிடும்படி கேட்டார். அவள் சிரிக்காமல் அதைப் பிய்த்துப் பச்சையை ஒட்டி அனுப்பினாள். அந்த வாரம் புதன்கிழமைவரை வீட்டில் எல்லாம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். கணவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறக்கை உடைந்த ஃபேன், சக்கரம் போன சூட்கேஸ், மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் இறங்கின. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு சுவராக ஒரு கட்டு கிடந்தது. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு சீட்டு. சீட்டில் அவளுடைய கையெழுத்துதான். ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு, கணக்கு, முழு ஆண்டுத் தேர்வு, முப்பத்தெட்டு தாள்கள்.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கீழேயிருந்து கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். சொன்ன பிறகு ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. மறக்கவில்லை. மேலே ஏற வேண்டாம் என்று பன்னிரண்டு வருஷமாக அவள் நினைத்ததே அதனால்தான்.

அந்த வருஷம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டாள். பத்து நாள். போகிற இடத்தில் திருத்திவிடலாம் என்று கட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். கல்யாண வீட்டில் எங்கே நேரம்? மூட்டை மூட்டையாகத் துணி, வந்து போகிற ஜனம், அரட்டை. கட்டு பையைவிட்டு வெளியே வரவேயில்லை. திரும்பி வந்த மறுநாள் காலையில் மதிப்பெண் பட்டியல் கொடுத்தாக வேண்டும். தலைமை ஆசிரியையிடம் போய் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். யார் கேட்டாலும் கிடைத்திருக்கும். ஆனால் சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிக்கிறவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நினைத்துப் பார்த்து மார்க் போட்டாள். முதல் பெஞ்சுக்கு எண்பதுக்கு மேல். நடு பெஞ்சுக்கு ஐம்பது, அறுபது. கடைசி பெஞ்சுக்கு முப்பது, நாற்பது. பல் விளக்கிக் குளிக்கிற நேரம்கூட ஆகவில்லை, முப்பத்தெட்டு பேருக்கும் போட்டு முடித்துவிட்டாள்.

திருத்திய தாள்களை வைக்கிற அலமாரிக்குச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. எரித்துவிடலாம், கிழித்துவிடலாம் என்று கொஞ்ச நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். பிறகு பரணுக்குப் போனது.

இப்போது அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்து இறக்கிக்கொண்டு வந்து, பழையபடி கட்டிலுக்கடியிலேயே தள்ளி, மேலே ஒரு சிவப்புத் தாளை ஒட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாமான் ஏற்றிப் போகும் கம்பெனியிலிருந்து அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். காதில் பென்சில், கையில் அட்டை, இடுப்பில் அளவு டேப். டேப்பை அவள் அதிகம் தொடவேயில்லை. வாசலில் நின்று ஒவ்வொரு அறையையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள், அப்புறம் எழுதுவாள். பீரோ முன்னால் நின்று, "உயரம் ஆறரை, அகலம் மூணு, ஆழம் ஒன்றரை. இருபத்தொன்பதே கால் கனஅடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

டீச்சரும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் சொல்லி முடித்து அடுத்த சாமானுக்குப் போன பிறகுதான் டீச்சருக்கு விடை வந்தது. கணவருக்கு ஒரே குஷி. டைனிங் டேபிள் எவ்வளவு, சோபா எவ்வளவு என்று அவளைச் சோதித்துக்கொண்டே பின்னால் நடந்தார். தன்னையே காட்டி எத்தனை கனஅடி என்றும் கேட்டார். மடக்க முடியாத சாமானுக்குத் தனி ரேட் என்று அந்தப் பெண் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

படுக்கை அறையில் அந்தப் பெண் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

"இங்க ஒரு கட்டு இருக்கே. இது வருதா, போகுதா?"

"போகுது" என்றாள் டீச்சர். "பழைய பேப்பர்."

அவள் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மொத்தம் நானூற்று எண்பது கனஅடி, பதினாலடி வண்டி ஒன்று போதும், இருபத்துநாலு கனஅடி மிச்சம் இருக்கும், வேண்டுமானால் செடித்தொட்டிகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். கூட்டியது எப்போது, கழித்தது எப்போது என்றே தெரியவில்லை. டீச்சருக்கு நல்ல மாணவியைப் பார்த்தால் வருகிற சந்தோஷம் அந்தச் சமயத்திலும் வந்துவிட்டது. டீ கொடுத்துவிட்டு, கணக்கு இவ்வளவு அழகாக வருகிறதே, எங்கே படித்தாய் என்று கேட்டாள்.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்ககிட்டதான் டீச்சர். உள்ள நுழையும்போதே தெரிஞ்சுது. வேலைய முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அடையாளம் தெரியலையா? லேட்டு."

லேட்டு. அந்தப் பெயரை வைத்ததே டீச்சர்தான். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். தினமும் முதல் பீரியடில் பாதி முடிந்த பிறகு மூச்சு வாங்க வந்து நிற்பாள். "வாங்க லேட்டு, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்று ஒருநாள் டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் லேட்டுதான். ஏன் லேட் என்று டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை. தம்பியின் பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவனை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வரவேண்டும் என்பதை இப்போது அவளே போகிற போக்கில் சொன்னாள். அம்மா இல்லை. அப்பா கொத்தனார், விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். கண்ணால் அளக்கிற வித்தை அவரிடமிருந்து வந்தது.

மேலே படிக்கவில்லையா என்று கணவர் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

படித்ததாகவும், ஆனால் கணக்கு இல்லாத பிரிவில்தான் படித்ததாகவும் அவள் சொன்னாள். ஒன்பதாவது முழு ஆண்டில் முப்பத்துநாலு மார்க். அந்த மார்க்கை வைத்துத்தானே பத்தாவதில் பாஸ் ஆனால் போதும் என்கிற பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள், பதினொன்றில் கணக்குப் பிரிவு கிடைக்கவில்லை. "அதுல ஒரு கூத்து சார். அந்தப் பரீட்சைக்கு மாமா பொண்ணுகூட உக்காந்து மூணு வாரம் படிச்சேன். நல்லா எழுதிட்டோம்னு நினைச்சுக்கிட்டு, எழுபது வரும்னு அப்பாகிட்ட வேற சொல்லிட்டேன். வந்தது முப்பத்திநாலு. அப்பா மார்க்குக்குத் திட்டல. பொய் சொன்னேன்னுதான் திட்டினாரு. அதோட நமக்குக் கணக்கு வராதுன்னு நானும் விட்டுட்டேன்."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பழைய கதை என்கிற சிரிப்பு. டீச்சர் தன் கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய பொருள் ஆறேழு அடி தூரத்தில் கட்டிலுக்கடியில் கிடந்தது. நல்லா இரும்மா என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் குனிந்து கும்பிட்டுவிட்டு, ஐம்பத்துநாலு படியையும் தடதடவென்று இறங்கிப் போனாள்.

அன்று மதியம் கணவர் தூங்கியதும் டீச்சர் கட்டை இழுத்துப் பிரித்தாள். இருபத்தேழாவது தாள் அந்தப் பெண்ணுடையது. சிவப்புப் பேனாவை எடுத்து, கட்டுக்குள்ளேயே இருந்த வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்தாள். தண்ணீர்த் தொட்டிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த வழியில் போடாமல் அந்தப் பெண் தானாக ஒரு குறுக்குவழியில் போட்டிருந்தாள். விடை சரி. இந்த வழி டீச்சருக்கே தோன்றியதில்லை. கூட்டிப் பார்த்தாள். எழுபத்தொன்று. தப்பாக இருக்கக் கூடாதா என்று மறுபடி கூட்டினாள். எழுபத்தொன்றேதான்.

கணவர் எழுந்து வந்தபோது அவள் தாள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, இதெல்லாம் எந்தக் காலத்து விஷயம், அந்தப் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள், கையில் தொழில் இருக்கிறது, இப்போது போய்ச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் அவளே பன்னிரண்டு வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டதுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இரண்டு வாரம் நோட்டில் போட்ட கோடெல்லாம் கோடாகவே நின்றது. புத்தக அலமாரியில் ஒட்டுத்தாள் ஏறவில்லை. தினமும் சாயங்காலம் மூன்று, நாலு என்று முப்பத்தெட்டு தாளையும் திருத்தினாள். முதல் பெஞ்சில் ஒரு பிள்ளைக்கு எண்பத்தைந்து போட்டது நினைவிருந்தது. தாளில் ஐம்பத்திரண்டு இருந்தது. மற்ற யாருக்கு என்ன போட்டாள் என்பதே நினைவில்லை. யாரைத் தூக்கிவிட்டோம், யாரைத் தள்ளிவிட்டோம் என்றுகூடத் தெரியாமல் செய்திருக்கிறோமே என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அந்த நாட்களில் வகுப்பில் ஒரு பிள்ளை தயங்கி எழுந்து, தன் தாளில் ஒரு மார்க் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினாலும் அவளுக்கு முகம் சிவந்துவிடும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். அப்போது இருந்தவர் இல்லை, புதியவர். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. அடுத்த வருஷ அட்டவணைக்கான தாள்களை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி, உங்களைவிட்டால் இதற்கு ஆள் யார் என்றும் சொன்னார். டீச்சர் அந்தத் தாள்களைத் தொடாமல் வெளியே வந்தாள்.

அதற்கடுத்த வாரம், புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். கையில் ஒரு கவர், அதற்குள் இருபத்தேழாவது தாள். கிடங்கு மாதிரி ஒரு நீண்ட கொட்டகை. ஒருபக்கம் மடித்த அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம் நாலு பேர் உட்கார்ந்து பெட்டிக்கு அடிப்பக்கம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் டேப் கிறீச்சென்று கத்தியது. முன்னால் ஒரு மேஜையில் லேட்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தேதி மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டீச்சர் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த முன்னுரை அத்தனையும் மறந்துபோனது.

"உன் பேப்பர நான் திருத்தவே இல்ல" என்றாள். "ஒன்பதாவது முழு ஆண்டு. யாரோட பேப்பரையும் திருத்தல."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அப்ப அந்த முப்பத்திநாலு?"

"நானாப் போட்டது."

"எதப் பாத்துப் போட்டீங்க?"

இந்தக் கேள்வியை அவள் கேட்கக் கூடாது என்று டீச்சர் பஸ்ஸில் வரும்போது வேண்டிக்கொண்டே வந்தாள். கேட்டுவிட்டாள். பொய் சொல்ல ஒரு கணம் மனசு துடித்தது. அரையாண்டு மார்க்கைப் பார்த்து என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

"நீ தினமும் லேட்டா வர்றதப் பாத்து" என்றாள்.

டேப் ஒட்டுகிறவர்களில் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். டீச்சர் கவரை மேஜையில் வைத்தாள். அவள் தாளை உருவி, முதலில் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சிவப்பு மையில் எழுபத்தொன்று என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. கண் கலங்குவாள், கத்துவாள், தாளை முகத்தில் எறிவாள் என்று டீச்சர் எதெதற்கோ தயாராக நின்றாள். அவளோ பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கணக்கிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிஷம் இருக்கும். டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பதினாலாவது கணக்கு" என்று தாளைத் திருப்பிக் காட்டினாள். "மூணு படி சரியாப் போட்டிருக்கேன். கடைசியில கழிக்கும்போதுதான் தப்பு. நீங்க அஞ்சுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கீங்க. மூணு வரணும்."

டீச்சர் குனிந்து பார்த்தாள். வரவேண்டியதுதான். இரண்டாம் முறையும் அவசரப்பட்டிருக்கிறாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்றை அடித்து மூன்று போட்டு, எழுபத்தொன்றை அடித்து எழுபத்துமூன்று போட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

"மன்னிச்சிடும்மா."

அந்தப் பெண் தாளை மடிக்காமல் அட்டையில் செருகினாள். "ஞாயித்துக்கிழமை அப்பா வீட்ல இருப்பாரு. வந்து அவருகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது" என்றாள். பிறகு ஒரு சீட்டில் முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். தனியாகப் போனாள். ஓடு போட்ட சின்ன வீடு. பூச்சு வேலை அவ்வளவு வழவழப்பாக இருந்தது, கொத்தனார் வீடு என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். அவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் கதவில் சாய்ந்து நின்றாள். டீச்சர் வந்திருக்காங்க என்று அவள் சொன்னதும் அவர் பதறி எழுந்து நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தார். அந்த மரியாதை டீச்சரைக் கொன்றது. நாற்காலியைத் தொடாமல், நின்றபடியே, தங்கை கல்யாணத்திலிருந்து பரண்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரையும் எதையும் காரணமாகக் காட்டவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே மெல்ல மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் அந்தத் தாள் எங்கே இருந்தது என்று விசாரித்தார். தன் வீட்டுப் பரணில் என்று டீச்சர் சொன்னாள். தாளைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன புரிந்ததோ. பிறகு மகளிடம் திரும்பினார்.

"எவ்வளவு?"

"எழுபத்திமூணு."

"நீ எழுபதுன்னுதானே சொன்ன."

"ஆமாப்பா."

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. "நான் இவளை அடிச்சேன் டீச்சர்" என்றார். "மார்க்குக்கு இல்ல. என்கிட்டயே பொய் சொல்றாளேன்னு. சாந்துக் கரண்டிக் காம்பாலயே அடிச்சேன். இல்லப்பா, நிஜமாப்பான்னு சொல்லச் சொல்ல அடிச்சேன்."

டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினார் என்றுதானே அன்றைக்குச் சொன்னாள்? டீ குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னாளே!

அவர் டீச்சர் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லிட்டீங்க. உங்களுக்கு லேசா இருக்கா?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லைங்க."

அவர் தலையாட்டினார். உட்காருங்கள் என்றோ, போய்வாருங்கள் என்றோ சொல்லவில்லை. மகளைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். டீச்சர் திரும்பி நடந்தாள். பின்னால் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. அது தனக்கான பேச்சில்லை என்று எட்டி நடைபோட்டாள்.

மற்ற தாள்களுக்கு உரியவர்களையும் தேடினாள். கல்யாணமாகி ஊர் மாறியவர்கள், நம்பர் மாற்றியவர்கள் என்று ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். மூன்று வாரத்தில் ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள். ஒருத்தி ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் குழந்தையின் குறும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி, எண்பத்தைந்து வாங்கியவள், இப்போது வங்கியில் இருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு, இனிமேல் தனக்கு ஃபோன் பண்ண வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அந்த வார்த்தையைத் துடைத்துக்கொள்ள டீச்சருக்கு நாலு நாள் ஆனது. சாமான் கட்டும் வேலையைப் பாதிக்குமேல் கணவர்தான் பார்த்தார். முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே தடித்த பேனாவால் எழுதினார். அவர் எழுத்து அவருக்கே புரியாது. அதனால் டீச்சர் கீழே ஒருமுறை எழுதினாள்.

குறித்த நாளில் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. லேட்டு வரமாட்டாள், வேறு யாரையாவது அனுப்புவாள் என்று டீச்சர் நினைத்திருந்தாள். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவள் வாசலில் வந்து நின்றாள். ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு, எது முதலில், எது கடைசி, எது நிமிர்ந்து போக வேண்டும், எது படுத்துப் போக வேண்டும் என்று சத்தம் போடாமல் வேலை வாங்கினாள். டீச்சர் என்று அவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. மற்ற வாடிக்கையாளர்களைச் சொல்வது போல மேடம் என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. அது டீச்சருக்கு நன்றாக உறைத்தது. உறைக்க வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டாள்.

மதியத்துக்குள் எல்லாம் புது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு கண்ணாடி உடையவில்லை. ஆட்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்தார்கள். கணவர் புது வீட்டு வாசலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, படி ஒன்றே ஒன்றுதான் என்பதை அனுபவித்துக்கொண்டிருந்தார். லேட்டு அட்டையோடு டீச்சரிடம் வந்தாள். அறுபத்துநாலு பெட்டி, பதினேழு தனிச் சாமான், எல்லாம் சரியாக வந்து சேர்ந்தது என்று ஒரு ரசீது. டீச்சர் பேனாவை வாங்கி ரசீதைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாத்துட்டுப் போடுங்க மேடம்" என்றாள் அவள்.

டீச்சரின் கை நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் சொல்வதாகக்கூட இருக்கலாம். டீச்சர் கையெழுத்துப் போடாமல், பேனாவையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு முன்னறையில் ஆரம்பித்தாள். பெட்டிகளைச் சுற்றி வந்து, குனிந்து, மேலே இருப்பதை நகர்த்தி, ஒவ்வொன்றின் எண்ணையும் படித்து, ரசீதில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். சமையலறையில் நாற்பத்தொன்பதாவது பெட்டி கண்ணில் படவில்லை. விடாமல் தேடி, கதவுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்துக் குறித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். லேட்டு சுவரில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை.